அம்மா என்று கூப்பிட விடாதவள்

போன ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்ப்பேட்டையில் அக்கா வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். சாப்பாடு கிடைக்கவில்லை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை!

வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி. பக்கத்தில் காக்கி உடுப்பில் இளைத்துப்போன ஒரு மனிதன். மச்சானின் ஜட்கா வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ரோசாலி அவனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் என்று நான் கேட்கவில்லை. ஜெர்மன் சண்டை, ஜப்பான் சண்டை இரண்டும் முடிந்ததிலிருந்து அந்த வீடே எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள்தான் – ரோசாலியின் அப்பா, சவரிமுத்து.

முதலில் ரோசாலி யாரென்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா பாவாயிக்குப் பெற்ற பிள்ளைகள் மூன்று. மூன்றும் பையன்கள். சவரிமுத்து பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த மோட்டார் டிரைவர். பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனான். போன சில மாதங்களிலேயே அவன் மனைவி டைபாய்டு காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவள் படுத்த நாளிலிருந்தே குழந்தை அக்கா வீட்டில்தான் சாப்பிட்டது, தூங்கியது. அப்போது அதற்கு இரண்டு வயது.

அடக்கம் முடிந்ததும் தெருவில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. அநாதை ஆசிரமத்தில் விட்டுவிடலாம் என்றார்கள். ரேஷன் அரிசியில் இன்னொரு வாயா என்றார்கள். மச்சான் செங்கோடன் அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார்.

"பட்டாளத்துல இருந்து வந்து, எம்புள்ள எங்கீங்க அண்ணான்னு கேப்பான். அட்ரஸ் சொல்லி அனுப்பறதா? இங்கயே இருக்கட்டும்."

அவ்வளவுதான். வேறு மீட்டிங் எதுவும் நடக்கவில்லை.

ஏன் எடுத்து வளர்க்கிறார்கள்? தெருவில் ஆளுக்கொரு காரணம். புண்ணியத்துக்கு என்றார் ஒருவர். பெண் குழந்தை இல்லாத ஏக்கம் என்றார் இன்னொருவர். எனக்கும் இரண்டாவதுதான் சரியென்று பட்டது. ஆனால்... ஏக்கம் என்றால், அக்கா ஏன் அந்தக் குழந்தை தன்னை 'அம்மா' என்று கூப்பிட விடவே இல்லை?

பையன்களைப் பார்த்து ரோசாலியும் 'அம்மா' என்பாள். "அத்தைன்னு சொல்லு சாமி" என்று அக்கா உடனே திருத்துவாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சின்னப் புள்ளதானக்கா, கூப்பிட்டுட்டுப் போகட்டுமே?" என்றேன்.

"அவளுக்கு அம்மா இருந்தாடா தம்பி. அந்தப் பேரை நான் எடுத்துக்கலாமா? நாளைக்கு அவங்கப்பன் வந்து நிப்பான். அம்மாவ உட்டுட்டு வான்னா எந்தப் புள்ள போகும்? அத்தை ஊட்டுல இருந்து அப்பன் ஊட்டுக்குப் போறது சுலுவு."

ஞாயிறுதோறும் ரோசாலியைக் குளிப்பாட்டி, தலை சீவி, மாதா கோயிலுக்கும் அக்காவே கூட்டிப்போவாள். பூசை முடியும் வரை கடைசியில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். மாரியம்மனை விட்டுவிட்டாயா என்று கேலி செய்தவர்களுக்கும் பதில் வைத்திருந்தாள் – "திருப்பிக் குடுக்கறதுன்னா முழுசாக் குடுக்கோணுமில்லீங்க?"

போன ஞாயிற்றுக்கு வருகிறேன்.

"அப்பாகிட்டப் போ சாமி" என்று அக்கா எவ்வளவோ சொல்லியும் ரோசாலி அசையவில்லை.

"இவரு இல்லீங்கத்தை. எங்கப்பாவுக்கு மீசை இருக்குது!"

சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் இருந்தது அந்த மீசை.

சவரிமுத்து சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டை எடுத்துவிட்டு, "அக்கா, இவ உங்க புள்ளையாவே இருக்கட்டுங்க. நல்லா இருக்கறா. நான் எப்பவாச்சும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்று பெட்டியைத் தூக்கினான்.

நான் மச்சானைப் பார்த்தேன். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. முகத்தில் ஓர் ஆசை. மறைக்கத் தெரியாத ஆசை! அக்கா 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்...

அக்காவுக்கு வந்ததோ கோபம்.

"பெட்டியக் கீழ வை! மூணு வருசமா நான் யாருக்கு வளத்தேன்? உன்னை அவளுக்கு எப்படித் தெரியும்? இங்க தங்கு. நீ சோறூட்டு. நீ தலை சீவி உடு. தானாத் தேடி வருவா."

தங்கினான். முதல் நாள் அவன் ஊட்டிய சோற்றை ரோசாலி துப்பினாள். மறுநாள் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு தானே சாப்பிட்டாள். அப்புறம் அவன் வாயால் லாரி ஹாரன் அடித்துக் காட்ட, அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா பக்கத்திலேயே போகவில்லை. சமையலறையில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேற்று சவரிமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு ஈரோட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ரயிலேறினான். ரோசாலி அழவில்லை. ஜன்னல் வழியே கையாட்டினாள். அழுதது மச்சான்தான் – ஸ்டேஷன் வாசலில், மற்ற ஜட்காக்காரர்கள் பார்க்கப் பார்க்க.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் கேட்டேன்: "இப்படிப் பிரியறதுக்குத்தானா இத்தனை பாடு?"

"பக்கத்து ஊட்டுப் புள்ள அழுதா நீ தூக்க மாட்டியா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையன்களுக்குச் சோறு போட எழுந்து போனாள்.

தூக்குவோம்தான். யார்தான் தூக்கமாட்டார்கள்? ஆனால், இறக்கிவிட வேண்டிய நாளையும் நினைத்துக்கொண்டே தூக்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

என்னைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள் – மச்சானையும்தான்!