கொட்டாஞ்சேனை அன்ரி தர மறுத்த குட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் நல்ல பூனைக்குட்டி வாங்க வேண்டுமென்றால் இன்றைக்கும் என்னைத்தான் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புறக்கோட்டைச் சந்தையில் சாக்குத் தூக்கத் தொடங்கி, சொந்தமாகச் செத்தல் மிளகாய் மொத்தக்கடை போட்டவன். எவனும் நல்ல மிளகாயைச் சாக்கின் வாயில்தான் வைப்பான். நான் கையைத் தோள்மட்டும் உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து முகர்ந்து பார்த்த பிறகுதான் விலையே கேட்பேன்.

முதல் குட்டியை வாங்கி வந்தது மைத்துனர், நானில்லை. சண்டைக் காலம். மகன்மார் இருவரும் கனடாவுக்குப் போய், பிளட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். நான் விடியக் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவேன். தங்கச்சிக்குப் பேச்சுத்துணை என்று மைத்துனர் எங்கோ கூண்டில் விற்ற பேர்சியன் குட்டியொன்றைக் கொண்டுவந்தார். கண்ணில் பீளை, ஊதிப்போன வயிறு. ஒரு கிழமை தாங்கவில்லை. செத்த குட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்தபடி மனைவி சொன்னாள்: "இன்னொண்டு இப்பிடிப் போனால் என்னால ஏலாதப்பா. வாங்கினால் நல்லதா வாங்குங்கோ. இல்லாட்டி இந்த வீட்டில பூனையே வேண்டாம்."

இதை இனியும் மைத்துனரிடம் விடலாமா? நானே இறங்கினேன். விசாரித்ததில் கொட்டாஞ்சேனையில் பேர்சியன் வளர்க்கும் ஒரு பெண்மணியைச் சொன்னார்கள். துறைமுகத்தில் வேலை செய்தவரின் விதவை. என்னைவிட இளையவர், ஆனால் தெருவே அன்ரி என்றதால் நானும் அன்ரி என்றேன்.

முன்னறையில் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே குட்டிகள் பஞ்சுபோல் உருண்டு விளையாடின. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுகள் கிடக்கட்டும். பின்னுக்குக் காட்டுங்கோ. தாய் எங்க படுக்கிறது?"

அன்ரி கோபிக்கவில்லை. "வாங்க முதலாளி. இப்படிக் கேக்கிற ஆக்கள் குறைவு" என்று குசினிக்குக் கூட்டிப்போனார். பூனைகளின் மணல் தட்டில் நாற்றமில்லை. அடுப்பில் மீன் அவிந்துகொண்டிருந்தது. பழைய சேலையில் தாய்ப்பூனை படுத்திருந்தது. உடம்பில் பாதி மயிரைக் காணோம்.

"என்ன அன்ரி, தாய் இப்பிடி மெலிஞ்சு போச்சு?"

"நாலு பிள்ளைக்குப் பால் குடுத்திருக்கு. அது கொழுத்திருந்தா நீங்க சந்தேகப்படலாம்."

முன்னறைக்குத் திரும்பி வந்து குட்டிகளின் காதைத் திருப்பினேன், கறுப்பு அழுக்கில்லை. வாலைத் தூக்கினேன், சுத்தம். கையில் எடுத்ததும் பதுங்காமல் என் மோதிரத்தைக் கடிக்கப் பார்த்தது ஒரு சாம்பல் குட்டி. இன்னொன்றை நான் எடுக்கப்போக அன்ரி தடுத்தார். "அத விக்க மாட்டன். கண்ல தண்ணி வருது. சுகமாகட்டும்." கேட்காமலே குறையைக் காட்டும் வியாபாரியைப் புறக்கோட்டையில் நான் கண்டதில்லை. சாம்பலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"வீட்ல யார் யார் முதலாளி?" என்றார் அன்ரி.

இப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? "நானும் மனிசியும்தான். மகன்மார் ரெண்டு பேரும் ரொறன்ரோவில. மூத்தவன் வீடே வாங்கிட்டான். எங்களையும் ஸ்பொன்சர் பண்ணியாச்சு. விசா இண்டைக்கோ நாளைக்கோ!"

அன்ரி என் கையிலிருந்த குட்டியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"அப்ப தர ஏலாது."

"ஏன்?"

அவர் அலுமாரியின் மேல் படுத்திருந்த கிழட்டுப் பூனையைக் காட்டினார். "இதுவும் வெள்ளவத்தைக்குக் குடுத்ததுதான். அவங்களுக்கு விசா வந்திச்சு, போயிட்டாங்க. இது அவங்க தங்கியிருந்த லொட்ஜ் வாசல்ல நிண்டு கத்திட்டிருந்திச்சு. நானே போய்த் தூக்கிட்டு வந்தன். நீங்க குட்டிய நல்லாப் பாத்தீங்க முதலாளி. நான் உங்களப் பாக்க வேணாமா?"

வீட்டுக்கு வந்து கத்தினேன். காசோடு போன என்னையே திருப்பி அனுப்புகிறாளாம்! மனைவி கேட்டதெல்லாம் ஒன்றுதான். "சாம்பல் குட்டி நல்லாயிருந்ததோ?"

"அதைப்போல ஒண்டு கொழும்பிலயே இல்லை."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்."

ஞாயிறன்று அன்ரி என்னைப் பார்க்கவேயில்லை. மனைவியிடம் நேரே கேட்டார்: "கனடாவுக்குப் போறீங்களாமே?"

"ஆர், நானோ? நான் போகமாட்டன். போன மாதமே போனில பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். அந்தக் குளிருக்குள்ள போய்ப் பூட்டின வீட்டில இருக்க என்னால ஏலாது. இவர்தான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறார்."

எனக்கு இது புதினம். "எனக்கொரு சொல் சொல்லேல்லையே?"

"சொன்னால் புறக்கோட்டையில உங்கட மரியாதை என்னாகிறது?"

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு என் பக்கம் திரும்பினார். "முதலாளி என்ன சொல்றீங்க? ரெண்டு பேரும் சொன்னாத்தான் குட்டி."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. சாம்பலின் கழுத்தில் விரலை வைத்திருந்தாள். விசாக் கதையை நான் சொல்லாத கடை புறக்கோட்டையில் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளதைச் சொன்னால், பனிக்குள் மகன் வீட்டு யன்னலோரம் குந்தியிருக்க நானும் பிறக்கவில்லை.

"இவ இல்லாமல் நான் அங்க போய் என்ன செய்யிறது? போகமாட்டன். எழுதித் தரவோ?"

"எழுத்து வேணாம்" என்று குட்டியை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார் அன்ரி.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். நான் அடையாள அட்டையை எடுக்குமுன் மனைவி கூடையின் மூடியைத் திறந்து காட்டினாள். ஆமிக்காரப் பொடியன் துவக்கைத் தோளுக்குத் தள்ளிவிட்டு, ஒரு விரலால் குட்டியின் தலையைத் தடவினான். அதன் பிறகுதான் எங்கள் அட்டையைக் கேட்டான்.

மறுநாள் பக்கத்துக் கடைக்காரர் வழக்கம்போல் கேட்டார்: "என்ன அண்ணை, விசா வந்திட்டுதோ?"

"எங்களுக்குத் தருவாங்கள், தம்பி" என்றேன். "பூனைக்குத் தரமாட்டாங்களாம். அதுதான் நாங்களும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டம்."