குருசடி உப்பு

காய்ந்த கெண்டைக்காலில் நகம் ஓடுகிற சத்தம், ‘சரட், சரட்’ என்று, சுண்ணாம்புச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்ப்பதுபோல இருக்கும். மார்கழி விடியலில் போர்வைக்குள்ளிருந்து அது கேட்டதும் அடுப்படியிலிருந்து அம்மா, “சொறியாத புள்ள, தட்டு, தட்டு” என்று குரல் கொடுப்பாள். உடனே சத்தம் மாறி, என் தங்கை ஸ்டெல்லா தன் கால்களைத் தானே உள்ளங்கையால் தட்டிக்கொள்வது கேட்கும். இத்தனை வருடங்களுக்குப் பிறகும், டிசம்பர் பிறந்துவிட்டால் அதிகாலையில் எனக்கு அந்தத் தட்டல் கேட்கிறது. எழுந்து உட்கார்ந்து பார்த்தால் அறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

திண்டுக்கல்லில் என்ன பெரிய குளிர் என்று கொடைக்கானல்காரர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். மழை நின்று, சிறுமலைப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசத் தொடங்கினால் எங்களுக்கெல்லாம் உதடும் குதிகாலும் வெடிக்கும், அத்தோடு சரி. ஸ்டெல்லாவுக்கு மட்டும் முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூசியதுபோல வெளுத்து, பிறகு செதில் செதிலாக எழும்பி, முழங்கை மடிப்பில் சிவந்த கீறல்கள் விழும். வீட்டில் அதற்குப் பெயர் ‘பனிச்சொறி’. தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘ஓணான்’. அவளோடு பள்ளிக்கூடம் போகும்போது நான் நாலடி முன்னால்தான் நடப்பேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மா கார்த்திகை பாதியிலேயே சண்டைக்குத் தயாராகிவிடுவாள். சோப்பு பரணுக்குப் போய்விடும், பாசிப்பயற்று மாவு டப்பா குளியலறைக்கு வந்துவிடும். தண்ணீர் ‘கை பொறுக்கும் சூட்டுக்கு’ மேல் இருக்கக் கூடாது; செத்த நேரத்தில் குளித்து முடிக்க வேண்டும்; துண்டால் தேய்க்கக் கூடாது, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் ஒற்ற வேண்டும்; ஒற்றிய ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெய் தடவிவிட வேண்டும். சனிக்கிழமைதோறும் நகம் வெட்டுவாள், படுக்கும்போது கையில் பழைய காலுறையை மாட்டிவிடுவாள். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. பதனிடும் தோல்களோடு பகலெல்லாம் புழங்கிவிட்டு வருகிறவர், ஸ்டெல்லாவின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, “செத்த ஆட்டுத் தோலுக்கே எண்ணெ காட்டாட்டி மொடமொடன்னு போயிருது. இது உசுருள்ள தோலு, எம்புட்டு ஊத்துனாலும் குடிக்கும்” என்பார்.

எனக்குப் பத்து வயது, அவளுக்கு ஆறு. அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஸ்டெல்லாவைச் சம்மனசாக, அதாவது தேவதூதராக, தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெள்ளைக் கவுன், ஜிகினாத்தாள் ஒட்டிய இறக்கை, குழந்தை இயேசுவுக்கு மேலே கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேடம். ஒத்திகையில் அவள் கையைப் பார்த்த டீச்சர், “இந்தச் சொறி அதுக்குள்ள ஆறலேன்னா வேற பிள்ளையத்தான் போடணும்” என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன், அவள் வழியெல்லாம் அழுதாள்.

எங்கள் தெரு முனையில் ஒரு குருசடி இருந்தது. நாலடி மேடை, அதன்மேல் சிலுவை. தோல் வியாதிக்காரர்கள் அதன் காலடியில் கல்லுப்பையும் மிளகையும் கொட்டி வேண்டிக்கொள்வது வழக்கம். உப்பு கரையக் கரைய வியாதியும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை, மதம் பார்க்காமல் எல்லோரும் கொட்டுவார்கள். அம்மாவும் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படி உப்புக் கொட்டியிருந்தாள். ஆனால் அந்த வருடம் மழை சீக்கிரமே நின்றுவிட்டது. தினமும் பள்ளிக்கூடம் போகும்போது எட்டிப் பார்ப்பேன், கொட்டிய உப்பு கொட்டிய இடத்திலேயே மினுங்கிக்கொண்டிருந்தது. உப்பு கரையவில்லை, அப்புறம் சொறி எப்படிக் கரையும்? என் பத்து வயது மூளைக்கு இது பளிச்சென்று விளங்கியது. உப்பைக் கரைக்கும் வேலையை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்கும் அம்மா சந்தைக்கும் போயிருந்த நேரத்தில், பாவாடையில் அந்த உப்பை அள்ளிக்கொண்டு வந்தேன். சூடு கூடினால் சீக்கிரம் கரையும் என்று தண்ணீரை ஆவி பறக்கக் காய்ச்சி, உப்பு முழுவதையும் போட்டுக் கலக்கி, அவளை மணைப்பலகையில் உட்கார வைத்தேன். “கத்தக் கூடாது. கத்துனா வேண்டுதல் பலிக்காது. அம்மாட்டயும் சொல்லக் கூடாது” என்றேன். அவள் தலையாட்டினாள்.

முதல் சொம்பு விழுந்ததும் அவள் உடம்பு விறைத்தது. வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளங்கையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நான் நிறுத்தியிருக்கலாம். அவள் கத்தாததால் பலிக்கிறது என்று நினைத்து, வாளி காலியாகும்வரை ஊற்றினேன், பாசிப்பயற்று மாவைப் போட்டு வேறு தேய்த்தேன். அவள் கத்தியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அந்தக் கண்களை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சாயங்காலம் கையும் காலும் கன்றிச் சிவந்தன, மறுநாள் நீர் கோத்தது, காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ‘என்ன போட்டீர்கள்’ என்று டாக்டர் கேட்டபோது அம்மா ஒரு கணம் யோசித்து, “வழக்கமான கடையில இல்லேன்னு வேற கடையில எண்ணெ வாங்குனேன் சார். அதான் ஒத்துக்கிடல போல” என்றாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஸ்டெல்லா வீடு திரும்பினாள். சம்மனசாக வேறொரு பிள்ளை நின்றது. அதற்குப் பிறகு அம்மா குருசடியில் உப்புக் கொட்டவே இல்லை. வேண்டுதலில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய்க் கிண்ணத்தையும் என் கையில் கொடுத்து, “இனிமே தங்கச்சிக்கு நீயே தேச்சு விடு” என்று சொல்லிவிட்டாள். தன் கைமேலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் ஸ்டெல்லா காலை நீட்டிக்கொண்டு என் முன்னால் உட்காருவாள், கொஞ்சமும் பயமில்லாமல். நான்தான் எண்ணெயை முதலில் என் கையில் விட்டுச் சூடு பார்ப்பேன். ஒவ்வொரு டிசம்பரிலும் அம்மா, “பாத்து, நல்ல எண்ணெயாப் போடு. நான் அன்னைக்குச் செஞ்ச மாதிரி ஆயிரப் போவுது” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் வளர்ந்தோம். ஸ்டெல்லாவின் சொறி பதினைந்து வயதோடு பெரும்பாலும் அடங்கியது, கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். அப்பா காலமானார். அம்மா படுக்கையில் விழுந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். வயதானவர்களின் தோல் குளிர்காலத்தில் காகிதம்போலக் காய்ந்துவிடுகிறது. வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவினேன், அவள் சொல்லிக் கொடுத்தபடியே. கடைசி மார்கழியில் ஒருநாள், கண்ணைத் திறக்காமலே, “நல்ல எண்ணெதானே? அன்னைக்கு நான் செஞ்ச மாதிரி...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். “நல்ல எண்ணெதாம்மா” என்றேன். பொங்கலுக்கு முன்பு போய்ச் சேர்ந்தாள்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா வந்திருந்தாள். பூசை முடிந்து திரும்பும் வழியில் குருசடியருகே நின்றோம். பழைய மேடையை இடித்துவிட்டு கிரானைட் பதித்திருக்கிறார்கள். ‘இங்கு உப்பு, மிளகு கொட்டாதீர்கள்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் என்னால் அடக்க முடியவில்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

“அம்மாட்ட கடைசி வரைக்கும் சொல்லாமலே இருந்துட்டேன்டி.”

ஸ்டெல்லா என்னை விநோதமாகப் பார்த்தாள். “எதக்கா? உப்புத் தண்ணியவா? அம்மாவுக்குத்தான் தெரியுமே. ஆஸ்பத்திரியில மூணாம் நாளே நான் சொல்லிட்டேனே.”

“சொல்லிட்டியா?”

“ஆமா. ‘அக்காட்ட நீ எதுவும் கேக்காத, அவளா சொல்லட்டும்’னாங்க. நீ எப்பவோ சொல்லியிருப்பேன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவள் ஊருக்குப் போய்விட்டாள். அம்மா இல்லை, தோல் ஷாப்பு மூடிவிட்டது, குருசடியில் உப்பு இல்லை. மலைக்காற்று மட்டும் அப்படியே வருகிறது. இப்போது என் காலிலும் வெள்ளை பூக்கிறது. குளித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள், கிண்ணத்தோடு உட்காருகிறேன். அத்தனை டிசம்பரிலும் என் முகத்தைப் பார்த்தபடி அம்மா எதற்காக நின்றாள் என்று இப்போது தெரிகிறது. நேற்று, “நான்தாம்மா ஊத்துனேன்” என்று வாய்விட்டுச் சொன்னேன். எண்ணெய் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அடுப்படியில் யாரும் இல்லை.