கை தூக்கிப் போட்ட நியாயக்காரி

உயர்தர வகுப்புக்கு நான் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அமெரிக்க அரசியலமைப்புக்கு வரும்போது எனக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும். அடுத்த வீட்டுக் குறையைப் பேச யாருக்குத்தான் உற்சாகம் வராது? அங்கே நாட்டின் தலையாய நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக ஒருவரின் பெயரை ஜனாதிபதி சொல்வார், செனட் சபை அவரை விசாரித்து உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு கட்சிக்காரரும் சேர்ந்து ஒருவரை ஆமோதித்த காலம் ஒன்று இருந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு வரவே நூறு பேரில் அறுபது பேர் வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. முதலில் ஒரு கட்சி கீழ் நீதிமன்றங்களுக்கு அதை உடைத்தது, பிறகு மற்றக் கட்சி உயர் நீதிமன்றத்துக்கும் உடைத்தது. இப்போது பாதிக்கு மேல் ஒரு கை இருந்தால் போதும்.

போனில் ஒரு விசாரணைக் காட்சியையும் போட்டுக் காட்டுவேன். சொந்தக் கட்சிக்காரர் கேள்வி என்ற பெயரில் தடவிக் கொடுப்பார், மற்றவர் வறுத்தெடுப்பார். நடுவில் இருப்பவரோ, “நாளைக்கு அது என் முன்னால் வழக்காக வரலாம், இப்போது கருத்துச் சொல்வது முறையல்ல” என்று நழுவுவார். “முடிவுதான் முன்னமே தெரியுமே, பிறகு எதுக்கு இந்தக் கூத்து?” என்று நான் கேட்பேன். வகுப்பு சிரிக்கும். எனக்கும் பெருமையாக இருக்கும்.

எங்கள் தோட்டம் ருவான்வெல்லைக்கு அப்பால், இறப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. லயத்து வரிசை வீடுகளில் வரும் சண்டையை எடுத்தவுடன் பொலிசுக்குக் கொண்டுபோக மாட்டோம். முறைப்பாட்டை அங்கே சிங்களத்தில் எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் சிங்களம் பொளந்து கட்டுவார்கள், ஆனால் எழுதியதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கோயில் மண்டபத்தில் நியாயம் பேச ஒருவரை வைத்திருப்போம். தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ஒருவரை நியாயக்காரராக வைப்பதென்றால் இரு தலைவர்களும் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்காவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டும். தேடல் மாதக்கணக்கில் இழுபடும், கெட்ட வார்த்தைகளும் பறக்கும். கடைசியில் அகப்படுபவர் யாருக்கும் ரொம்பப் பிடித்தவராக இருக்க மாட்டார், ஆனால் அவர் பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள். தீர்ப்புக்கும் இதே வழக்கம்தான். வழக்காடிய இரு பக்கமும் வெற்றிலை எடுத்தால்தான் அது தீர்ப்பு.

போன வருடம், நியாயக்காரராக இருந்தவர் மகளோடு கொழும்புக்குப் போய்விட்டார். எங்கள் சங்கத்துத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் சங்கம் என்றால், என் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் சந்தா கட்டிய சங்கம்.

“இந்தத் தடவ வெத்தலையெல்லாம் கெடையாதுங்க டீச்சர். கை தூக்க வச்சு ஒங்களப் போட்டுருவோம். நம்ம கைதான் கூடுதல். போன தடவ நம்ம ஆளுங்கள எப்படித் தட்டிக் கழிச்சாங்க, மறந்திட்டீங்களா?”

இது சரியில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே சம்பளம் வாங்குகிறேன். ஆனால் ‘நியாயக்காரி’ என்று தோட்டமே கூப்பிடப்போகிறது என்ற நினைப்பு தலைக்கேறிவிட்டது. நல்ல சேலையாக ஒன்றை எடுத்து அயன் பண்ணினேன்.

மண்டபத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள், எத்தனை பிள்ளைகளைப் பல்கலைக்கழகக் கெம்பஸுக்கு அனுப்பினேன் என்று இனிக்க இனிக்கக் கேட்டார்கள். மற்றச் சங்கத்துத் தலைவர் மட்டும் நேராகக் கேட்டார்.

“எங்க ஆளும் ஒங்க சங்கத்து ஆளும் முட்டிக்கிட்டா, யாரு பக்கம் பேசுவீங்க டீச்சர்?”

“நாளைக்கு என்கிட்ட வரப்போற விஷயத்தப் பத்தி இப்ப பேசுறது முறையில்லீங்க,” என்றேன்.

என் வாயாலேயே சொன்னேன். நியாயத்தின் பக்கம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம், அது கூடச் சொல்லவில்லை. பிறகு கைகள் எழுந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு கை மீதமில்லை, அந்தப் பக்கத்தில் ஒரு கை எழவில்லை. அந்தத் தலைவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். இவர்கள் கைதட்டினார்கள், நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கொஞ்ச நாளில் ஒரு வழக்கு வந்தது. எங்கள் சங்கத்து ஆள் ஒருவர் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பொதுப் பீலியில் ஹோஸை மாட்டி, தண்ணீரைத் தன் வீட்டுத் தாங்கிக்கு இழுத்துவிட்டார். இறப்பர் பால் வெட்டிவிட்டு மத்தியானம் திரும்பும் பெண்களுக்குப் பீலியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. முறையிட்டவர் மற்றச் சங்கத்து அக்கா ஒருவர். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருப்பதால் அவருக்குத் தண்ணீர் கூடுதலாகவே தேவை. ஹோஸைக் கழற்ற வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். “இதுக்கா டீச்சர் ஒங்களப் போட்டோம்?” என்று எங்கள் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பார்த்தீர்களா, நான் கட்சி பார்க்கவில்லை!

தட்டை அந்த அக்காவிடம் நீட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“தீர்ப்பு சரிதாங்க டீச்சர். ஆனா நான் இத எடுத்தா, ஒங்கள நாங்க ஏத்துக்கிட்டதா ஆயிரும். எங்க ஆளுங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?”

ஹோஸ்காரருக்கு வாயெல்லாம் பல். “ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னார். “அவங்களே வேணாங்குறாங்க,” என்று எழுந்து போய்விட்டார். ஹோஸ் அப்படியே இருக்கிறது.

இந்த வருடமும் அமெரிக்கப் பாடம் வந்தது. நான் போனை எடுக்கவில்லை, கூத்து என்றும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “அங்கயும் ஒரு பக்கம் மட்டுந்தான் கை தூக்குவாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். “புத்தகத்தப் பாரு!” என்று அதட்டினேன். அதட்டியதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அந்த அக்கா இப்போது கீழே ஓடையிலிருந்து கேன்களில் தண்ணீர் சுமக்கிறார். என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஏற வேண்டும். போன கிழமை பொறுக்க முடியாமல் வழிமறித்தேன்.

“அக்கா, நான் வெலகிக்கிறேன். வேற ஆளப் போடட்டும். அவர் இதே தீர்ப்பச் சொன்னா வெத்தல எடுப்பீங்கல்ல?”

அவர் கேன்களைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார். முகத்தில் கோபம் கூட இல்லை.

“எதுக்குங்க வெலகுறீங்க? அடுத்த வருசம் எங்க சங்கத்துல புதுசா ஆளுங்க பேரு பதியப் போறாங்க. அப்ப எங்க கை கூடிரும், எங்க ஆளத்தான் போடுவோம். பீலியில நாங்க ஹோஸ் மாட்டுறோம். ஒங்க பொம்பளைங்க ஓடைக்கு நடக்கட்டும்.”

அப்படிச் சொல்லாதீங்க அக்கா என்று வாயெடுத்தேன். சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? கையை எண்ணினால் போதும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரே நான்தான்.