பதினைந்தாவது சாவு

என்னுடைய மனுசன் ஜெயரத்தினம் பதினாறு வருடங்களில் பதினான்கு தடவை செத்தவர். எல்லாம் நோர்வேத் தொலைக்காட்சிக்காகத்தான். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிக்கிற மனிதருக்கு இந்தக் கோதாரி தேவையா என்று நான் கேட்காத நாளில்லை. "கலை, செல்வமலர், கலை" என்பார். பிரேதமாகக் கிடப்பதில் என்ன கலை?

தொண்ணூறாம் ஆண்டு பிடித்த சனி அது. துப்பறியும் தொடர் ஒன்றுக்குக் கறுத்த தோலோடு ஒரு பிரேதம் தேவைப்பட, யாரோ இவரைக் காட்டிவிட்டார்கள். இமை ஆடாமல், வயிறு அசையாமல் மூன்று நிமிடம் கிடந்தாராம். அதற்குப் பிறகு விடுவார்களா? கத்திக்குத்துப்பட்டுச் செத்தார். பனியில் விறைத்துச் செத்தார். ஒருமுறை கொரியக் கப்பல்காரனாகத் துறைமுகத்தில் மிதந்தார்.

"கொரியாக்காரனுக்கும் உங்கட முகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"முகம் குப்புறத்தானே கிடக்குது" என்றார், பெரிய பெருமையோடு.

பதினான்கு சாவிலும் ஒரு சொல் பேசக் கிடைக்கவில்லை. செத்தவன் என்னத்தைப் பேசுவது?

இன்னொரு கூத்தும் உண்டு. பிரேதமாக நடித்தவர் எழுந்ததும் கமராவைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுக்க வேண்டும், அப்போதுதான் தோஷம் கழியும் என்று தமிழ்ப் படக்காரரிடம் ஒரு பழக்கம் இருக்கிறதாம். எங்கோ வாசித்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டார். நோர்வேக்காரர் விளக்கை அணைத்துவிட்டுப் போகத் துடிக்கும்போது, இவர் இரத்தச் சாயத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். பதினான்கு சிரிப்பும் வீட்டுப் புகைப்பட அல்பத்தில் இருக்கின்றன. எங்கள் மகன் ஹரிசனுக்கு அந்த அல்பத்தைக் கண்டாலே வெட்கம். சிநேகிதர் வந்தால் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவிடுவான்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் தொலைபேசி வந்தது. படம் ஒன்றில் வேடம். இந்த முறை உயிரோடு. அதோடு ஒரு வசனமும். நோர்வேஜிய மொழியில், "ஓம், இது என்ர மகன்." அவ்வளவுதான்.

அந்த நாலு சொல்லை ஆறு கிழமை பாடமாக்கினார். குளியலறையில் சொன்னார், ஹவுகெட்டோவில் ரயிலுக்கு நிற்கும்போது சொன்னார், அவிந்த உருளைக்கிழங்குக்கும் சொல்லியிருப்பார். எனக்கு விசர் வராத குறை. மகன் பட்டம் வாங்குகிற காட்சியாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டால், கதையை வெளியில் சொல்லக் கூடாது என்றார்.

"உந்த ஒரு வரிக்கு இவ்வளவு பாடோ?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"உண்மையாச் சாக முன்னம் ஒருக்காக் கதைச்சுப் போட்டுச் சாவமெண்டுதான்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

படப்பிடிப்பு நாளன்று ஹரிசன்தான் எங்களைக் காரில் கூட்டிப்போனான். உள்ளே போனால் வெள்ளை ஓடு பதித்த அறை, நடுவில் இரும்பு மேசை, வெள்ளைத் துணி. பிரேத அறை! அது செத்த மகனை அடையாளம் காட்டுகிற வசனம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இதையோ இவ்வளவு நாளும் வீட்டில சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள்? உங்களுக்கென்ன விசரே?"

"சும்மா இரும். பிரேதமாக் கிடக்கப் போறது ஸ்தவாங்கர் நகரத்துப் பெடியன் ஒருத்தன்."

அந்தப் பெடியனுக்குக் காய்ச்சலாம், வரமாட்டானாம். மூன்று மணிக்குள் அறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பொருத்தமான ஆள் இல்லையென்றால் காட்சியையே வெட்டிவிடுவோம் என்று நெறியாளர் சொன்னார். "என்ர மகன் வெளியில கார்ல இருக்கிறான்" என்று இவர் வாயை விட்டார். நான் சட்டைக் கையைப் பிடித்தேன். உதறிக்கொண்டு ஓடினார். வசனம் போய்விடுமே என்ற பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்றே அந்த மனிதர் யோசிக்கவில்லை.

ஹரிசன் சிரித்துக்கொண்டே படுத்தான். உதட்டுக்கு நீலம் பூசி, முகத்தை மூடினார்கள். பொலிஸ்காரனாக நடித்தவர் துணியை விலக்கினார். இவர் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இல்லை" என்றார். "இது என்ர மகன் இல்லை."

மறந்துவிட்டார் என்று நினைத்து நெறியாளர் வசனத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். மறுபடியும் "இல்லை." ஐந்து தரம் எடுத்தார்கள், ஐந்து தரமும் இல்லை. நெறியாளர் தலையில் கையை வைத்தார். கோபத்தில் வெந்துகொண்டு நின்ற நான், ஒவ்வொரு "இல்லை"க்கும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"நடிப்புத்தானே, ஜெயா" என்றார் நெறியாளர். "சொல்லாவிட்டால் நான் வேறு ஆளைத் தேட வேண்டும்."

"நடிப்பெண்டு எனக்கும் தெரியும். வாய் வருகுதில்லை." ஹரிசனைக் கையைப் பிடித்து மேசையிலிருந்து எழுப்பினார். பிறகு, "இடத்தை மாத்துவம். நான் கிடக்கிறன். அவன் சொல்லட்டும்" என்றார்.

"ஆறு கிழமை பாடமாக்கினீங்களே!" என்றேன். எனக்கே அழுகை வந்துவிட்டது.

"பரவாயில்லை, செல்வமலர். முதல் தகப்பன், பிறகுதான் பிள்ளை. அப்பிடித்தான் இருக்கோணும்."

நெறியாளர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். இவர் மேசையில் ஏறிப் படுத்தார். இமை ஆடவில்லை, வயிறு அசையவில்லை. பதினாறு வருட அனுபவமல்லவா! ஹரிசன் ஈரத் துண்டால் உதட்டு நீலத்தைத் துடைத்துவிட்டு வந்து நின்றான். துணியை விலக்கினார்கள்.

"ஓம்" என்றான். "இது என்ர அப்பா."

ஒரே தரம்தான். குரல் உடைந்தது. அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். இவர் இன்னும் அப்படியே கிடந்தார். வேலையாட்கள் விளக்கை அணைக்கத் தொடங்கவும் ஹரிசன் திரும்பி அவர்களைப் பார்த்துக் கத்தினான், பொறுங்கள், ஒருவரும் ஒன்றையும் அணைக்கக் கூடாது என்று. கமராக்காரரின் கையைப் பிடித்து இழுத்து வந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினான்.

"அப்பா, எழும்புங்கோ. சிரியுங்கோ."

அவர் எழுந்து உட்கார்ந்து, மகனைப் பார்த்து ஏதோ பேருக்கு உதட்டை விரித்தார்.

"உது காணாது!" என்று பின்னால் நின்று கத்தினேன். "பல்லுத் தெரியச் சிரியுங்கோ, மனுசா! வடிவாச் சிரியுங்கோ!"