முகத்துக்கு முன் குரல்

வில்பட்டி உபகாரத்துக்குப் பூனைக்கண். முடி செம்பட்டை. வெயில் பட்டால் தோல் கறுக்காது, சிவக்கும். அப்பா கஸ்பார் உருளைக்கிழங்கு விவசாயி, நல்ல கறுப்பு. மகனுக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

உபகாரம் ஜீப் ஓட்டினான். கொடைக்கானல் ஏரிப் பக்கம் நிறுத்தினால் ஹோட்டல் தரகர்கள் வெள்ளைக்காரன் என்று நினைத்து "ரூம் சார், ஹாட் வாட்டர் சார்" என்று மொய்ப்பார்கள். "ஏலே, கோசு எறக்க வந்தவன்டா, தள்ளு" என்பான் அவன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலையும். எந்த இடத்திலும் வாயைத் திறந்தால் போதும் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

1978 நவம்பரில் செண்பகனூரில் ஒரு பெண் ஜீப்பில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைச் சொன்னாள். பேச்சின் இழுவையைக் கேட்டதும், "சிலோனா?" என்றான்.

"ஆமா. நீங்க லண்டனா?"

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் பெயர் லீமா. ஹோட்டல் ஒன்றில் சமையல்கட்டு வேலை. மறுவாரத்திலிருந்து அவள் வரும் நேரத்துக்கு ஜீப் அங்கே தவறாமல் நின்றது.

ஒரு வருஷம் கழித்து லீமா சொன்னாள்: "அம்மா சரின்னாத்தான் கல்யாணம். இல்லன்னா இல்ல. நீங்களே வந்து கேளுங்க."

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து அவன் போனான். லீமாவின் அம்மா தெரசம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழ, நிமிர்ந்து பார்த்தாள். முறம் சரிந்தது. எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்தி, தலை குனிந்து, "ஐயா" என்றாள்.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்தவள். வெள்ளைக்காரத் துரை வந்தால் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கடல் தாண்டி வந்தும் அந்த உடம்புக்கு அது மறக்கவில்லை.

"அம்மா, இவர்தான் உபகாரம்!" என்றாள் லீமா.

தெரசம்மாள் முகத்தில் முதலில் வெட்கம், பிறகு கோபம். "ஏலாது மகள். இந்த முகம் வந்து நின்னாலே எனக்கு முதுகு குனியுது. இவர எப்பிடி மருமகன்னு கூப்புடுறது? தோட்டத்துப் பொம்பளைக்கிட்ட தனக்குப் பொறந்த பிள்ளைய எட்டிப் பாக்காத துரைமாரக் கண்டவ நான்."

உபகாரம் திகைத்தான். பிறகு, "நான் வெளிய போயி நிக்கேன். அங்கன இருந்து பேசுறேன், மூஞ்சி தெரியாதுல்ல" என்று சுவருக்கு அந்தப் பக்கம் போனான்.

"பனி கொட்டி உருளச் செடி பூராம் கருகிக் கெடக்குங்க. அப்பா வெள்ளனே போயி வரப்புல உக்காந்தவரு எந்திரிக்க மாட்டேங்காரு. போன சோலிய முடிச்சிட்டு வெரசா வாடான்னாரு."

"என்னா சோலி?" என்றாள் தெரசம்மாள் உள்ளிருந்து.

"நீங்க சரின்னு சொல்ற சோலிதான்."

லீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ண மூடுனா வில்பட்டிக்காரரு. தொறந்தா துரை. நான் என்னா செய்ய?"

"நீங்களும் அப்படித்தான அத்தே? சும்மா நின்னா இந்த ஊரு. வாயத் தொறந்தா சிலோன்காரம்மா. உங்க மக வாயத் தொறந்ததும் நானே அப்படித்தான் கேட்டேன். தப்புத்தான்."

 தெரசம்மாளைச் சிலோனில் இருந்தவரை இந்தியாக்காரி என்றார்கள். வந்து ஆறு வருஷமாகியும் இங்கே ரேஷன் கடை வரிசையில் சிலோன்காரிதான். சிந்திய அரிசியை அள்ளி முறத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"உள்ள வாங்க."

அவன் குனிந்து நுழைந்தான். அவளுடைய முழங்கால்கள் தாமாக எழும்பின. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"லீமா, தேத்தண்ணி போடு," என்றாள்.

அந்த மே மாதம் கல்யாணம் நடந்தது. அதன்பின் மாமியார் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வளைவில் ஜீப்பை நிறுத்தியதுமே உபகாரம் சத்தம் போட்டுப் பேசத் தொடங்கிவிடுவான்: "அத்தே, கேரட்டு கேப்பாரில்லாமக் கெடக்கு!" முகத்துக்கு முன்னால் குரல் போய்ச் சேர வேண்டும். அப்படியும் பல நாள் தெரசம்மாள் பாதி எழுந்து, "சீ, புத்தி" என்று தன்னையே திட்டிக்கொண்டு உட்காருவாள்.

1985 ஐப்பசியில் விடாத மழை. உபகாரத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. சத்தம் எழவில்லை, ஓசையில்லாமல் வாசலில் வந்து நின்றான்.

முறத்தோடு உட்கார்ந்திருந்த தெரசம்மாள் நிமிர்ந்து அந்தப் பூனைக்கண்களை நேராகப் பார்த்தாள்.

"என்னா மருமகனே, மழையில தொண்டை போயிருச்சா?" என்றபடியே அடுத்த கல்லைத் தேடினாள்.