ஒரு வாய்த் தண்ணீர்

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் தொட்டி முழுவதும் ஒரே பார்வையில் விழும். இப்போது கழுத்தைத் திருப்பிக் குமிழியைத் தேட வேண்டியிருந்தது. இடப்பக்கம் வந்த குமிழி காதில் விழுந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

"கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆமா."

அவளும் தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். கழுத்தில் ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் பார்வை ஓரத்திலிருந்து கரைந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. அந்த அப்பாவைக் கடைசிவரை கக்கூசுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் இவர்தான். தட்டு எங்கே என்று மேசையைத் தடவிய விரல்களை அவர் மறக்கவில்லை. அதனாலேயே டாக்டரிடம் போகவில்லை. போகாதவரை அது கழுத்துப் பிடிப்புதானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கால்பந்து நடுவர். கோட்டோரம் கொடி பிடிக்க இருவர்: ஒருவன் மச்சினன், மற்றவர் பள்ளிக்கூடத்து டீச்சர். ஆட்டம் முடிந்ததும் மூவரும் மைதானத்துக்குப் பின்னால் உள்ள அறையில், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்காருவார்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரும் நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று சொல்ல வேண்டும். கேட்பவர் வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். சொல்லி முடியும்வரை விழுங்கக் கூடாது. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பேசும் மச்சினன் வாயை அடைக்க, கடைக்காரரே கொண்டுவந்த ஏற்பாடு அது.

கொஞ்ச நாளாக அவர், பந்து எப்போதும் தன் வலப்பக்கமே இருக்கும்படி பார்த்து ஓடினார். அந்த ஞாயிறு அது பலிக்கவில்லை. அவருக்கு இடப்பக்கம், கைநீட்டும் தூரத்தில், தடுப்பாட்டக்காரன் ஒருவன் எதிரணிப் பையன் வாயில் முழங்கையால் இடித்தான். அலறல் கேட்டுத் திரும்பியபோது அந்தப் பையன் தன் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"யோவ் ரெஃப்ரி, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கூட்டம் கத்தியது.

எல்லா நடுவர்களும் வாரம் தவறாமல் வாங்கும் வசவு. மற்ற நாளில் சிரித்துவிட்டு ஓடியிருப்பார். அன்று கத்தியது யார் என்று கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தைத் தேடினார். யாரோ கண்டுபிடித்துவிட்டார்களோ?

அறையில் தம் முறை வந்ததும் டம்ளரைக் கையில் எடுத்தார். வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

"மாமா, பல்லு போனப்புறம் வந்த சண்டைய நல்லா விலக்குனீங்க," என்றான் மச்சினன். "ஆனா அந்த இடி எனக்கு அங்கேருந்தே தெரிஞ்சுது. உங்களுக்குப் பக்கத்துல. தூங்கிட்டீங்களா?"

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவருடைய இடப்பக்கம் நின்றார்.

"அண்ணே, நல்லது அப்புறம் சொல்றேன். எதிர்ச் சுவத்துல இருக்கற ஆணியையே பாருங்க. தலைய அசைக்காதீங்க. எத்தனை விரல் காட்டறேன்?"

வாயில் தண்ணீர். கன்னம் வலித்தது. ஒன்றும் தெரியவில்லை, சுவர் பாதியில் முடிந்து மங்கலாகக் கிடந்தது. தெரியவில்லை என்று தலையாட்டினால் விசில் போய்விடும். பின்னாலேயே கடையும் போகும். பிறகு அப்பாவைப் போல மேசையைத் தடவ வேண்டியதுதான். ஆணியையே முறைத்தபடி, குத்துமதிப்பாக இரண்டு விரலை உயர்த்தினார்.

டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றார்.

"நான் கையே தூக்கல அண்ணே."

மச்சினன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். "மாமா?"

விதியை மீறி அவர் தண்ணீரை விழுங்கினார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் டீச்சர்.

"தெரியல. தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்தேன்."

"என் கொடிய நீங்க பார்க்காம போறப்பல்லாம் என்மேல கோவம்னு நெனச்சேன். முன்னாடியே கேட்டிருக்கணும். கேட்டிருந்தா அந்தப் பையன் பல்லு தப்பிச்சிருக்கும்."

அவர் கழுத்திலிருந்த விசில் கயிற்றை அவிழ்க்கப் போனார். முடிச்சு அவிழாமல் தவித்த விரலுக்கு டீச்சர் உதவவில்லை. தானே அவிழ்க்கட்டும் என்று காத்திருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறக்கவில்லை. மனைவி தைலத்தோடு வந்தபோது, "கழுத்து இல்ல, கண்ணு" என்றார். அவள் பாட்டிலை மூடினாள். "அப்ப என் தைலமெல்லாம் தண்டமா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். குரல்தான் கேலி பேசியது. அவர் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் அவருக்குக் குத்தியது.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"வலது கண் பரவாயில்லை. மருந்து போட்டா காப்பாத்திடலாம்."

"நல்லது சொல்லிட்டீங்க டாக்டர். கொஞ்சம் இருங்க."

மனைவியின் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். மேலே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்.