அத்தை பின்னிய அடுப்படித் துணி

எங்கள் வீட்டு அடுப்படித் துணி அம்மாவின் பழைய நைட்டியிலிருந்து கிழித்தது. ஒருநாள் சோற்றுக் குண்டானை இறக்கும்போது அது வழுக்கி, அம்மாவின் விரல் வெந்துவிட்டது. அன்று சாயங்காலமே எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, போனில் ஒரு வீடியோ காட்டினாள். இரண்டு ஊசிகளால் பருத்தி நூலில் பின்னிய சதுரத் துணி. மேலெல்லாம் அரிசி மணி போல மேடு. பிடித்தால் வழுக்காது, தேய்த்தால் அடிப்பிடித்த பாலும் வந்துவிடும். தன் அண்ணிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, அதைப் பின்னித் தரப்போவதாக அறிவித்தாள். ஊசியில் விழும் நூல் கண்ணிகளை எண்ணுவது என் பொறுப்பு. எட்டு வயதில் பொறுப்பு வந்தால் கேட்க வேண்டுமா?

எங்கள் ஊர் புதுவாயல் கடைகளில் கம்பளி நூல்தான் இருந்தது. அத்தை அசரவில்லை. அப்பா கம்பெனியில் போட்டுத் தேய்ந்த வெள்ளைப் பருத்திப் பின்னல் கிளவுஸைத் துவைத்து, மணிக்கட்டுப் பக்கம் வெட்டி இழுத்தாள். விரல் விரலாகச் சரசரவென்று பிரிந்து நூலாகிவிட்டது. ஆனால் ஓட்டை கிளவுஸ் அல்லவா, நாலு விரல் அகலம் பின்னுவதற்குள் தீர்ந்துபோனது.

பள்ளிக்கூடம் போகும் வழியில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் இதை நான் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். மறுநாள், அப்பாவோடு வேலை செய்யும் ஆரம்பாக்கத்து அண்ணன் ஒரு ஜோடி கிளவுஸை நீட்டினார்.

"அத்தையாண்ட குடு பாப்பா. கிழிஞ்சதுன்னு சொல்லு."

தேடிப் பார்த்தேன், கிழிசலே இல்லை. புத்தம் புதுசு. அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் அத்தையிடம் சொன்னேன். "அவருக்குக் கண்ணு தெரியாது போல" என்று சிரித்தாள். இந்த வயதிலேயே கண் போய்விட்டதே என்று எனக்கு ஒரே கவலை.

தினம் ஒரு ஜோடி வந்தது. ஒரு சாணில் முடிய வேண்டிய துணி, தோளில் போடும் துண்டு நீளத்துக்கு வளர்ந்தது. "இன்னாடி இது, குண்டான் புடிக்கவா, போத்திக்கினு படுக்கவா?" என்று அம்மா கேட்டாள். இன்னும் இரண்டு வரிசைதான் என்பாள் அத்தை. அதற்குள் அம்மா இன்னொரு விரலையும் சுட்டுக்கொண்டாள். எனக்குக் கோபமாக வந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ஆரம்பாக்கத்துப் பையனுக்கு இன்னா ஆச்சோ. டெய்லி கிளவுஸத் தொலைச்சிட்டு நிக்கறான். இன்னைக்கு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்கோ."

நல்ல மனிதர் மேல் வீண்பழி. நான் சும்மா இருப்பேனா? "தொலைக்கலப்பா, எங்கையிலதான் குடுக்கறாரு."

எல்லோர் கையும் தட்டிலேயே நின்றது. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அந்த நீளத் துணியைப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "நல்ல பையன்தான்" என்றார்.

மறுநாள் அத்தை துணியை முடித்து, மடித்து, என்னிடம் கொடுத்தாள். "அவராண்ட குடுத்துடு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கென்று கண்ணி கண்ணியாக எண்ணியவள் நான்! வழியெல்லாம் அழுதுகொண்டே போய்க் கொடுத்தேன். அவர் அதை விரித்துப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டு, பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து துணி போன கதையை அம்மாவிடம் சொல்லி விம்மினேன். அம்மா பழைய நைட்டித் துணியால் குண்டானை இறக்கியபடியே சிரித்தாள். வெந்த விரலோடு அவளுக்கு என்ன அத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

தை மாதம் அத்தைக்குக் கல்யாணம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஆரம்பாக்கத்து அண்ணனிடம் நேராகப் போய், எங்கள் துணியை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டேன்.